வகுக்காமலே தெரியும், பங்காளி

அன்புள்ள பங்காளி,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நடவுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

அப்புறம், நாலு கோடி இலக்கம் உள்ள ஒரு எண்ணைப் பகா எண் என்கிறார்களே, எதையெல்லாம் கொண்டு வகுத்துப் பார்த்தார்கள் என்று கேட்டிருந்தாய். பகா எண் என்று உறுதி செய்தது எதையும் கொண்டு வகுத்துப் பார்த்து அல்ல பங்காளி, எனக்கு இதில் பெரிய அதிசயமே அதுதான்.

நீ சொல்வது 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டுபிடித்த எண். 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது, மொத்தம் 4,10,24,320 இலக்கம். அதன் வர்க்கமூலத்துக்கே இரண்டு கோடி இலக்கத்துக்கு மேல், அதுவரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துக்கொண்டிருந்தால் எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. ஆனால் 2இன் அடுக்கில் ஒன்று குறைந்த இந்த மாதிரி எண்களுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. 1870களில் லூகாஸ் என்ற கணித அறிஞர் கண்டது, பின்னால் லேமர் என்ற இன்னொருவர் செப்பனிட்டது.

127ஐ எடுத்துக்கொள், 2இன் ஏழாம் அடுக்கில் ஒன்று குறைவு. 4இல் தொடங்கு. வர்க்கம் எடுத்து 2 கழி, 127க்கு மேல் போனால் 127ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள், அதற்கு மறுபடியும் இதையே செய். 4 போய் 14 வரும். அடுத்தது 194, மீதி 67. அடுத்தது 4487, மீதி 42. அடுத்தது 1762, மீதி 111. அடுத்தது 12319, அது சரியாக 97 தடவை 127, மீதி பூஜ்யம்! அடுக்கைவிட இரண்டு குறைவாக, ஐந்தே படி. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்து, கடைசிப் படியில் பூஜ்யம் வந்தால் அது பகா எண், வராவிட்டால் இல்லை, அவ்வளவுதான். டுராண்டின் எண்ணையும் இதே சோதனையை ஓட்டித்தான் உறுதி செய்தார்கள், என்ன, அங்கே படி பதின்மூன்று கோடிக்கு மேல்.

இன்னொன்று சொல்கிறேன், எனக்குத் தூக்கத்திலும் ஓடுவது இதுதான். 2இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணைப் பகா எண் என்று 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதிவிட்டுப் போனார். அது இல்லை என்று 1876இல் லூகாஸ் காட்டினார், ஆனால் எதனால் வகுபடும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1903இல்தான் கோல் என்பவர் 193707721ஐயும் 761838257287ஐயும் பெருக்கிக் காட்டினார். வகுபடும் என்பது உறுதி, எதனால் என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, இப்படியே 27 வருஷம் போயிருக்கிறது பார்! அடுக்கு 1277 உள்ள எண் இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறது. வெறும் 385 இலக்கம், பகா எண் இல்லை என்று தெரியும், ஒரு காரணி கூட யார் கையிலும் சிக்கவில்லை.

நீ 2047ஐப் போட்டுப் பார். அடுக்கு 11, அதனால் ஒன்பது படி. அது 23ஐ 89ஆல் பெருக்கினால் வருவது, ஆகவே பூஜ்யம் வராது, கடைசி மீதி 1736 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் எந்தப் படியில் என்ன வந்தது என்று எழுது, பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் கோபி பங்காளி