உப்பளத்துப் பிள்ளைகளுக்கு வேதியியலை எங்கிருந்து தொடங்குவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வரும் வேதியியல் வினா-விடைகளை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். தேர்வு நேரத்தில் அவை கைகொடுப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அணு, தனிமம், சேர்மம், கலவை, மோல் என்னும் அடிப்படைகளை ஒற்றை வரி விடைகளாகவே படித்துவரும் பிள்ளைகள், அதே பொருள்களை வீட்டிலும் கரையிலும் கையாளும்போது அடையாளம் காணாமல் கடந்துபோகிறார்கள். அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

மாலையில் என்னிடம் படிக்க வரும் 9ஆம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்கிறார். 'சேர்மத்தின் பண்புகள் அதில் அடங்கிய தனிமங்களின் பண்புகளிலிருந்து வேறுபடும்' என்று பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய அந்தப் பிள்ளை, ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சார், சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும், அதனால் மண்ணெண்ணெயில் போட்டு வைப்பார்கள் என்கிறீர்கள். அப்படியென்றால் எங்கள் அப்பா நிற்கிற பாத்தி ஏன் தீப்பிடிக்கவில்லை?" கேள்விக்குப் பதில் அவள் எழுதிய விடையிலேயே இருந்தது. உப்பில் இருப்பது உலோகச் சோடியம் அன்று, ஓர் எலக்ட்ரானை இழந்துவிட்ட சோடியம் அயனி; நச்சு வாயுவான குளோரினும் அந்த எலக்ட்ரானைப் பெற்றுக் குளோரைடு அயனியாகிவிட்டது. இதைச் சொன்னதும் அவளுக்கு விளங்கிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு அருகில் பாடம் நடத்திய என்னிடம் இந்தக் கேள்வியை வேறு எந்தப் பிள்ளையும் கேட்டதில்லையே என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. கேட்கத் தோன்றும்படி நான் நடத்தவில்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும்.

கலவையைப் பிரித்தல் என்ற பாடத்துக்கு எங்கள் பாத்திகளைவிடப் பெரிய ஆய்வகம் கிடையாது. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். வெயிலில் நீர் வற்ற வற்ற இவையெல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும் அடியில் தங்குகின்றன. அதன் பிறகு, உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் மானியில் 25 டிகிரி போமே அளவை நீர் எட்டும்போதுதான் உப்பு விளையத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியைத் தாண்டும் முன் மிச்ச நீரைத் திறந்துவிடுகிறார்கள். ஏன் என்று அந்த மாணவியின் தந்தையைக் கேட்டேன். "அந்தத் தண்ணியிலயே கெடந்தா உப்பு கசக்கும் சார், மூட்டையில கட்டினாலும் நசநசன்னு ஈரம் விடும்" என்றார். மக்னீசியம் உப்புகள் கசப்பவை, மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்ற இரண்டு செய்திகளையும் அவர் பெயர் சொல்லாமல் சொல்லிவிட்டார். கரைதிறன், தெவிட்டிய கரைசல், படிகமாதல் ஆகிய மூன்றையும் அவர் மகள் தனித்தனிப் பக்கங்களில் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கரைவது வேறு, உருகுவது வேறு என்பதைத் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தனியாகக் கற்பிக்க வேண்டியதே இல்லை. தண்ணீரில் உப்பு கரைகிறது என்போமே தவிர, உருகுகிறது என்று எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார். அதை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மாறாக, கடையில் விற்கும் வழிகாட்டி நூல்கள் சிலவற்றில் 'சோடியம் குளோரைடு மூலக்கூறு' என்று கூசாமல் அச்சிட்டிருக்கிறார்கள். உப்புப் படிகத்தில் தனித்தனி மூலக்கூறுகளே கிடையாது, அயனிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

வேதி மாற்றத்தையும், அதில் மொத்த நிறை மாறாது என்னும் நிறை அழிவின்மையையும் காட்ட நான் சுண்ணாம்பையே தேர்ந்தெடுப்பேன். கரையில் ஒதுங்கும் கிளிஞ்சலின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். காளவாயில் சுட்டால் கிளிஞ்சல் எடை குறைந்துவிடும் என்பது சுண்ணாம்பு சுட்டவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. தூய கால்சியம் கார்பனேட் 100 கிலோவை முழுவதும் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ எங்கே போயிற்று என்று ஒரு வகுப்பைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால், கார்பன் டை ஆக்சைடைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அந்த 56 கிலோவை நீற்றும்போது 18 கிலோ நீர் அதனுடன் சேர்ந்து 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு ஆகிறது. அதைச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே 44 கிலோ கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு, 18 கிலோ நீரை வெளியே விட்டு, மறுபடியும் 100 கிலோ கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கரையில் கிடந்த கிளிஞ்சல் சுவரில் மீண்டும் கிளிஞ்சலின் பொருளாகவே நிற்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் தராசை வைத்து 18ஆம் நூற்றாண்டில் நிறுவிய விதியை இதைவிடத் தெளிவாக நான் எந்தச் சமன்பாட்டிலும் காட்டியதில்லை. நீற்றும்போது கொதிக்கும் என்பதால் அதை ஆசிரியர் மட்டுமே, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திச் செய்ய வேண்டும். கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும்.

சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டுப் பிள்ளைகளுக்கு அதே சுண்ணாம்பு இன்னொரு பாடம் தரும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் வேலை செய்ய முடியாது. அதனால் சர்க்கரை ஆல்கஹாலாக மாறுவது தடைபடுகிறது. ஆலம் கரைக்கும் தட்டில் மஞ்சள் சிவப்பதற்கும் அந்தக் காரமே காரணம். அமிலமா காரமா என்று காட்டும் லிட்மஸ் தாள் தீர்ந்துவிட்டது என்று எந்தப் பள்ளியும் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகள் மிகவும் அஞ்சுவது மோலுக்குத்தான். 'ஒரு டஜன் முட்டை போல' என்று நானும் பல ஆண்டுகள் சொல்லி ஒப்பேற்றியிருக்கிறேன். இறால் ஏலம் விடும் இடத்தில் ஒரு நாள் நின்றபோதுதான் சரியான உவமை கிடைத்தது. அங்கே இறாலை எண்ணி விற்பதில்லை, நிறுத்துத்தான் விற்கிறார்கள். ஆனால் விலை பேசுவதோ '20 கவுண்ட்', '50 கவுண்ட்' என்று எண்ணிக்கையில். கிலோவுக்கு 20 நிற்பது பெரிய இறால், 50 நிற்பது சிறியது. இரண்டிலும் ஐம்பது ஐம்பது இறால் வேண்டுமென்றால் சிறியதில் ஒரு கிலோவும் பெரியதில் இரண்டரைக் கிலோவும் நிறுக்க வேண்டும் என்பதைக் கரையில் வளர்ந்த பிள்ளை விரல் விடாமல் சொல்லும். 12 கிராம் கார்பனிலும் 56 கிராம் இரும்பிலும் அணுக்கள் சம எண்ணிக்கையில் இருப்பதும் இதே கணக்கு. ஒரு மோல் எனப்படும் அந்த எண்ணிக்கை 6.022 × 10²³ என்பது மட்டுமே புதிய செய்தி. பிறகு மளிகைக் கடைத் தராசில் 58.5 கிராம் உப்பை நிறுத்து, 'இதுதான் ஒரு மோல்' என்று உள்ளங்கையில் வைத்தால் அது அச்சம் தரும் சொல்லாக இருக்காது.

எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் ஆய்வகக் கதவு செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில்தான் திறக்கப்படுகிறது. அதற்குள் வகுப்பில் பாதிப் பேர் வேதியியலை மனப்பாடப் பாடம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் மேலே சொன்னவற்றுள் எதற்கும் அந்தக் கதவு திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்விப் பக்கத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களில் பாதியைக் குறைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறையேனும், வீட்டுப் பொருளையும் தராசையும் கொண்டு செய்து பார்க்கக்கூடிய ஒரு செயலை, நிறுத்த எடைகளுடனும் எச்சரிக்கைகளுடனும் வெளியிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பாத்திகளில் வேலை நின்றுவிடும் என்பதால், உப்பளத்துச் செயல்கள் அதற்கு முன்பே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
கடலாடி வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.