கிரெயோனின் உத்தரவு தீப்ஸ் நகரத்தின் குரல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கிரேக்க நாடகக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’யில் குடும்பப் பாசமும் அரசின் சட்டமும் சரிசமமாக மோதுகின்றன, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்கிறார் கட்டுரையாளர். ஜெர்மன் தத்துவஞானி ஹெகல் காலத்திலிருந்தே சொல்லப்படும் கருத்துதான். நாடகம் அதற்கு இடம் தரவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

தீப்ஸ் நகரத்தின் மேல் படையெடுத்து வந்து மடிந்த தன் சகோதரன் பாலினைசஸை, மன்னன் கிரெயோனின் தடையை மீறி ஆன்டிகனி அடக்கம் செய்கிறாள்; அவன் அவளை உயிரோடு குகையில் அடைக்கிறான். இதுதான் கதை. இந்தக் கிரெயோனை ‘அரசு’ என்று எப்படி எடுத்துக்கொள்வது? பாலினைசஸும் நகரத்தின் பக்கம் நின்ற அவன் உடன்பிறந்தவனும் ஒருவரையொருவர் கொன்று மடிந்ததால் ஆட்சி அவன் கைக்கு வருகிறது. வந்த சூட்டோடு அவன் போட்ட உத்தரவுதான் இங்கே சட்டம். துரோகியைத் தங்கள் மண்ணில் புதைக்கக் கூடாது என்று அக்காலத்து ஏதென்ஸிலும் சட்டம் இருந்தது. கிரெயோனோ பாலினைசஸின் உடலுக்கு எங்கேயும் அடக்கம் கிடையாது, அழவும் கூடாது, நாயும் கழுகும் தின்னட்டும் என்கிறான். இத்தனைக்கும் செத்தவனுக்கு அவன் தாய்மாமன்.

கட்டுரையில் ஹேமோனைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. அவன் கிரெயோனின் மகன், ஆன்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்டவன். ஆனாலும் காதலைப் பற்றிப் பேச அவன் வரவில்லை. அந்தப் பெண்ணுக்காக ஊரே இருட்டில் அழுகிறது, உங்கள் முகத்துக்கு அஞ்சி யாரும் வாய் திறப்பதில்லை என்று பணிவாகத்தான் தொடங்குகிறான். நான் எப்படி ஆள்வது என்று ஊர் எனக்குச் சொல்வதா என்று தகப்பன் சீறுகிறான். ஒருவனுக்கு மட்டும் சொந்தமானது நகரமே அல்ல என்கிறான் மகன். நாடகத்தின் உயிர் இந்தக் காட்சியில்தான் இருக்கிறது. எழுதியவர் அரசை வெறுத்தவரும் அல்லர், கி.மு. 440ஐ ஒட்டி அரசியல் தலைவர் பெரிக்ளீஸுடன் ஏதென்ஸின் தளபதிகளில் ஒருவராக இருந்தவர்.

ஆன்டிகனியிடம் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. கூடவே சாக வந்த தங்கை இஸ்மேனேயை அவள் உதறித் தள்ளும் இடம் மனதை உறுத்துகிறது. கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இதைச் செய்திருக்க மாட்டேன், பெற்றோர் இறந்தபின் இன்னொரு சகோதரன் எனக்குப் பிறக்கப்போவதில்லை என்று அவள் சொல்வதும் பலரைக் குழப்பியிருக்கிறது. எனக்கு அது பெருந்துக்கத்தில் இருப்பவளின் பேச்சாகவே படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்வையற்ற குறிசொல்லி டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போனதும் கிரெயோன் நடுங்கிப்போகிறான். முதலில் குகையிலிருக்கும் பெண்ணை விடுவி, பிறகு பிணத்துக்குக் கல்லறை எழுப்பு என்று முதியோர் தெளிவாகச் சொல்கிறார்கள். அவனோ முதலில் பிணத்தைக் கழுவி, எரித்து, மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். ஊர்ப் பெரியவர்களிடம் யோசனை கேட்டும் அவர்கள் சொன்ன வரிசையில் செய்யாதவனை எந்த நியாயத்தில் நகரத்தின் பிரதிநிதி என்கிறோம்?

தொடரின் அடுத்த பகுதியிலாவது ஹேமோன் காட்சியை விரிவாக எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி