மாத்திரை அட்டையைப் பார்த்து எழுதினால் போதாது: மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் செவிலியர் பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். வயதானவர்கள் உள்நோயாளியாகச் சேரும் நேரம் மருந்துப் பிழைகளுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சேர்க்கையின்போது மருந்து விவரத்தைக் கேட்டறிந்து சரிபார்க்கும் பயிற்சி ஒவ்வொரு செவிலியருக்கும் முறையாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

என் தாயார் முடக்குவாதத்திற்காக மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர். அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டு இரவு நேரத்தில் அவரைச் சேர்த்தபோது, மருந்துப் பையைப் பணியில் இருந்த செவிலியரிடம் கொடுத்தோம். அவர் ஒவ்வொரு அட்டையாக வெளிச்சத்தில் பிடித்து, பெயரையும் மில்லிகிராம் அளவையும் பார்த்துச் சேர்க்கைப் படிவத்தில் எழுதினார்; நடுவில் வேறு படுக்கையிலிருந்து அழைப்பு வரவே எழுந்து போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்தப் படிவத்தில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள் இருந்தனவே தவிர, வாரம் ஒரு முறை என்று எழுத இடமே இல்லை. மெத்தோட்ரெக்சேட்டுக்கு நேரே இரவு என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதப்பட்டது; அதனால் வாரம் ஒரு நாள் மருந்து தினமும் இரவில் கொடுக்கப்பட்டது. நினைவோடு படுத்திருந்த என் தாயாரிடம் "இதை எப்போதெல்லாம் சாப்பிடுவீர்கள், அம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று உடனே சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர் விழுங்கவும் முடியாமல் அவர் தவித்தபோது, அதைச் சத்துக்குறைவு என்றார்கள். இரத்த வெள்ளையணுக்கள் குறைந்த பிறகு, மருந்துப் பட்டியலை வரிவரியாகப் பார்த்த மருந்தாளுநர்தான் பிழையைக் கண்டுபிடித்தார். தாயார் பிழைத்துக்கொண்டார். அந்தச் செவிலியர் மீது எனக்குக் கோபம் இல்லை. அட்டையில் இருப்பதை அவர் சரியாகவே எழுதினார். நோயாளி அதை எப்படிச் சாப்பிடுகிறார் என்பது அட்டையில் இருக்காது, அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குக் கற்றுத் தராதவர்கள் மீதுதான் என் கோபம்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய முறையும் அன்று. அவசரப் பிரிவு வழியாகச் சேரும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மருந்துகளை 24 மணி நேரத்துக்குள் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் நடைமுறையை உலக சுகாதார நிறுவனத்தின் 'ஹை ஃபைவ்ஸ்' திட்டம் வகுத்துத் தந்தது. 2017இல் அதே நிறுவனம் தொடங்கிய 'தீங்கில்லா மருந்து' என்ற உலகளாவிய முயற்சி, பல மருந்துகளை ஒருசேரச் சாப்பிடுவதையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நோயாளி மாறும் நேரத்தையும் முதன்மைக் கவலைகளாகச் சொன்னது. இவை தங்கள் அலுவலகக் கோப்புகளில் இருக்கக்கூடும். வார்டு வரை வந்து சேரவில்லை.

நான் கேட்கும் பயிற்சி ஒரு நாள் சொற்பொழிவு அன்று. அனுபவமுள்ள ஒருவர் அருகில் நிற்க, படுக்கையோரத்தில் கேட்டுப் பழக வேண்டும். காது மந்தமானவரிடம் எப்படிக் கேட்பது, குழப்பத்தில் இருப்பவருக்காக யாரிடம் கேட்பது, கடைசி வேளை எப்போது சாப்பிட்டார், எதைத் தாமாகவே நிறுத்திவிட்டார், சொட்டு மருந்து, இன்ஹேலர், தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை, கடையில் தாமே வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து ஆகியவை உண்டா என்பனவெல்லாம் அதில் வர வேண்டும். நோயாளி சொல்வதை மருந்துச் சீட்டோடும் பையில் உள்ளதோடும் ஒத்துப் பார்க்கவும், ஒரே மருந்து இரண்டு நிறுவனப் பெயர்களில் இருப்பதைக் கண்டுகொள்ளவும் தெரிய வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், இதய மருந்தான டைகாக்சின், இன்சுலின் போன்றவற்றில் சிறு ஐயம் எழுந்தாலும் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். நடுக்குவாத நோயாளிக்கு லெவோடோபா வார்டு நேரப்படி அல்லாமல் அவர் வழக்கமாகச் சாப்பிடும் நேரப்படி கிடைக்க வேண்டும்.

கற்றுத் தந்தால் மட்டும் போதுமா என்பதையும் சொல்லியாக வேண்டும். மருத்துவர் எழுதியதில் ஐயம் கேட்கும் செவிலியரை அதிகப்பிரசங்கி என்று அதட்டும் வழக்கம் இருக்கும்வரை, எந்தப் பயிற்சியும் உயிரைக் காக்காது. பிழை நேர்ந்ததும் விளக்கம் கேட்டுக் கடைநிலையில் இருப்பவருக்குக் கடிதம் போவதும், படிவத்தை வடிவமைத்தவரை யாரும் கேட்காமல் விடுவதும் எந்த வகை நியாயம்? இரவுப் பணியில் ஒருவரையே அத்தனை படுக்கைகளுக்கும் ஓடவிட்டுவிட்டு, நிதானமாகக் கேட்டு எழுதவில்லை என்று அவரையே குறை சொல்வதும் அறமாகாது.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். மீண்டும் கேட்பது இதுதான்: முதியோர் சேரும் வார்டுகளிலும் அவசரப் பிரிவிலும் உள்ள செவிலியர் அனைவருக்கும் இந்தப் பயிற்சியைப் பணி நேரத்திலேயே அளியுங்கள், புதிதாகச் சேர்பவர்களுக்கு அதைக் கட்டாயமாக்குங்கள், சேர்க்கைப் படிவத்தில் 'வாரம் ஒரு முறை' என்பதற்கும் 'கடைசியாகச் சாப்பிட்ட நேரம்' என்பதற்கும் தனிக் கட்டம் சேருங்கள். பயிற்சி எந்தத் தேதியில் தொடங்கும் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு முதிய நோயாளியின் மகள்