அலறல் கேட்டு ஓடிவந்த ஊருக்கு

சாயல்குடிக்குத் தெற்கே, கருவேலங்காட்டுக்கும் கடலுக்கும் இடையில் எங்கள் படக்குழுவை 19 இரவுகள் வைத்துக் காப்பாற்றிய மக்களுக்கு வணக்கம்.

பெயர் குறிப்பிட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, ஒருவர் பெயர் விடுபட்டாலும் அவருக்குக் குறை வைத்ததாகிவிடும் என்று பட்டது. ஆகவே பெயர் இல்லாமலே எழுதுகிறேன். படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் இரவிலிருந்து தொடங்குகிறேன். கதாநாயகி காட்டுக்குள் அலறிக்கொண்டு ஓடும் காட்சியை நான்காவது முறையாக எடுத்துக்கொண்டிருந்தோம். மணி பன்னிரண்டரை இருக்கும். காட்டின் அந்தப் பக்கம் டார்ச் வெளிச்சம் ஒன்று தெரிந்தது. பிறகு நாலைந்து, பிறகு எண்ண முடியவில்லை. கம்பும் அரிவாளுமாக முப்பது பேருக்குமேல் ஓடிவந்தீர்கள். சிலர் காலில் செருப்புகூட இல்லை. சீமைக் கருவேல முள் ஏறினால் எப்படி இருக்கும் என்பதை மறுநாளே அனுபவித்தேன். அந்த முள்ளில், முன்பின் அறியாத ஒரு பெண்ணின் குரலுக்காக வெறுங்காலோடு வந்திருக்கிறீர்கள். காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்த நாங்கள், ஊருக்குள் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது பெரிய தவறு. நீங்கள் எங்களைத் திட்டியிருக்கலாம். அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, தண்ணீர் கொடுத்து, “உண்மையாகவே ஒன்றும் இல்லையே தாயி?” என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் திரும்பிப் போனீர்கள். அடுத்த நாளிலிருந்து மாதா கோயில் ஒலிபெருக்கியிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும், “இன்று இரவு காட்டுக்குள் அலறல் கேட்டால் பயப்பட வேண்டாம், படப்பிடிப்பு நடக்கிறது” என்று அறிவிப்பு வந்தது. நாங்கள் கேட்காமலே செய்தீர்கள்.

எங்கள் படம் ‘ஸ்லாஷர்’ வகை. முகமூடி அணிந்த ஒருவன் ஆளரவமற்ற இடத்தில் ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்வான். பெரும்பாலும் கடைசியில் ஒரு பெண் மட்டும் மிஞ்சுவாள். கையில் காசில்லாதவர்கள் தொடங்குவதற்கென்றே ஏற்பட்ட வகை என்று இதைச் சொல்லலாம். 1978இல் வெளிவந்த ‘ஹாலோவீன்’ சுமார் 3 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டுப் பல கோடி டாலர் ஈட்டியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் காட்டைத் தேடிப் போனதற்குக் காரணம் எளிது. காட்டுக்கு வாடகை இல்லை. ஐந்தாறு நடிகர்கள் போதும். விளக்கு எட்டாத இடத்தையெல்லாம் இருட்டு மூடிவிடும், அந்த இருட்டே பயத்தையும் தரும். எங்களிடம் இருந்தது 11 லட்சம் ரூபாய். அதில் பாதி கடன்.

“ராமநாதபுரத்தில் காடு ஏது? குற்றாலம் போங்கள், கொடைக்கானல் போங்கள்” என்று சொல்லாதவர் இல்லை. நான் பிறந்தது இந்த மாவட்டம். பகலில் பார்த்தால் வறண்ட பொட்டல்தான். இரவில் கருவேலங்காட்டுக்குள் பத்தடி போனால் வந்த வழி தெரியாது. கிளைகள் இடுப்பளவில் பின்னிக்கொண்டு கிடக்கும். நிமிர்ந்து ஓட முடியாது, குனிந்துதான் ஓட வேண்டும். ஓங்கி நிற்கும் மலைக்காட்டில் கிடைக்காத மூச்சுமுட்டல் அது. சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். இந்தப் பட வகையும் அங்கிருந்து வந்ததுதான். இரண்டும் நம் மண்ணில் சந்தித்ததை நினைத்துப் பார்ப்பேன்.

கரிமூட்டம் போடும் அக்காவுக்கு நான் பட்டிருக்கும் கடன் தனி. உங்கள் மூட்டத்துப் புகையைப் படம் எடுக்கத்தான் முதலில் வந்தேன். அடுக்கிய விறகின்மேல் செத்தையும் ஈரமண்ணும் பூசி, சிறு துவாரங்கள் மட்டும் விட்டு, நாள்கணக்கில் வேகவிடுகிறீர்கள். இரவில் அந்தத் துவாரங்களில் உள்ளே செந்நிறமாகக் கனிந்துகொண்டிருப்பது தெரியும். புகை தரையோடு தவழ்ந்து வரும். புகை இயந்திரம் வாடகைக்கு எடுத்திருந்தால் எங்கள் பணம் மூன்று நாளில் தீர்ந்திருக்கும். நீங்கள் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. கதை மட்டும் கேட்டீர்கள். சொன்னேன். மண்ணில் விழுந்திருந்த வெடிப்பை நனைத்துப் பூசிக்கொண்டே, “கொலை செய்கிறவன் கரிமூட்டக்காரனா?” என்று கேட்டீர்கள். ஆம் என்றேன். கரி படிந்த முகம் திரையில் பயமாக இருக்கும் என்று நினைத்து எழுதியது அது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “என் மகன் சென்னையில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான் தம்பி. ஊர் எது, அப்பன் என்ன செய்கிறான் என்று கேட்பார்கள். இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அவனை எப்படிப் பார்ப்பார்கள்?” என்றீர்கள்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த வகைப் படங்களில் இது நெடுநாள் நோய். நகரத்திலிருந்து வரும் இளைஞர்கள் பாவம், காட்டோரத்து ஏழை கொடூரன். பார்த்துப் பார்த்துப் பழகிப்போய், நானும் கேள்வி கேட்காமல் அதையே எழுதியிருந்தேன். நான்கு இரவுகள் படப்பிடிப்பை நிறுத்திவிட்டுத் திரைக்கதையை மாற்றினேன். இப்போது கொலைகாரன் அந்தக் கூட்டத்தோடு காரில் வந்து இறங்குபவர்களில் ஒருவன். அவன் யார் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். உயிர் பிழைக்கும் பெண் கடலில் பாசி எடுப்பவள். எந்த முள்ளுக்கு எப்படிக் குனிய வேண்டும் என்று தெரிந்தவள், கடலுக்குள் மூச்சை அடக்கத் தெரிந்தவள். கதை இதனால் நன்றாகியிருக்கிறது என்று நம்புகிறேன். அது அக்காவின் கேள்வியால் வந்தது.

பனையேறும் ஐயாவே, நீங்கள் செய்ததைப் பணத்தில் மதிப்பிட முடியாது. பாளை சீவும் உங்கள் அரிவாளைக் கொலை ஆயுதமாகக் காட்டக் கேட்டபோது மறுத்தீர்கள். “சோறு போடுகிற இரும்பு, அதில் ரத்தம் காட்டாதே” என்றீர்கள். அதற்குப் பதிலாகக் கருக்குமட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள். இரண்டு ஓரமும் ரம்பம்போல் கறுத்த பல் வைத்த மட்டை. அதைப் பார்த்து ரப்பரில் செய்த நகல்தான் படத்தில் வருகிறது. எந்தக் கத்தியையும்விட அது பயமுறுத்துகிறது.

அதைவிடப் பெரியது ஒன்று சொன்னீர்கள். எங்கள் ஒலிப்பதிவாளர் மூன்று இரவு பனங்காட்டில் உட்கார்ந்து காவோலைச் சத்தத்தைப் பதிவுசெய்தார். கச்சான் காற்றில் காய்ந்த ஓலைகள் மரத்தோடு உரசும் சலசலப்பு, கொலைகாரன் வரும் நேரத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று எண்ணினோம். கேட்டுவிட்டு நீங்கள் தலையை ஆட்டினீர்கள். “பனங்காட்டு நரிக்குச் சலசலப்பில் பயமில்லை. எங்களுக்கும் இல்லை. சத்தம் இருக்கிறவரை அது காற்று. எல்லா மரமும் ஆடும்போது ஒரு மரத்தில் மட்டும் சத்தம் நின்றால், அங்கே யாரோ ஓலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.” படம் முழுவதையும் அந்தப் பேச்சைக் கொண்டுதான் ஒலி அமைத்திருக்கிறோம். கொலைகாரன் வரும்போது இசை இல்லை. இடது பக்கத்து மரம் ஒன்று மட்டும் அமைதியாகிவிடும். சென்னையில் சோதனைக் காட்சியின்போது அந்த இடத்தில் ஒரு பெண் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டதைப் பின்னாலிருந்து பார்த்தேன். உடனே உங்களை நினைத்துக்கொண்டேன் ஐயா.

முகமூடிக்கு வருகிறேன். ‘ஹாலோவீன்’ படத்து முகமூடி, ஒரு தொலைக்காட்சித் தொடரின் விண்கலத் தலைவன் முகத்தைப்போல் விற்றது. இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கி வெள்ளைச் சாயம் பூசினார்கள். எங்களுக்கு அந்த ஐயாவே பன்னாடை கொடுத்தார். பனை மட்டையின் அடியில் வலைபோல் பின்னியிருக்கும் அந்தப் பழுப்பு நார், ஈரத்தில் வளையும், காய்ந்தால் அப்படியே நிற்கும். ஆனால் நடிகரின் முகத்தில் சரியாகப் பொருந்த, அவர் முகத்தின் அச்சு வேண்டும். பல் மருத்துவமனைகளில் பல் அளவு எடுக்கப் பயன்படும் ஆல்ஜினேட் மாவை, ராமநாதபுரத்தில் பல் கட்டும் தம்பி ஒருவர் இரண்டு பை கொண்டுவந்தார். தண்ணீரில் குழைத்தால் இரண்டு மூன்று நிமிடங்களில் இறுகிவிடும் மாவு. மே மாத வெயிலில் முகத்தில் தடவுவதற்குள்ளேயே கட்டியாகிவிட்டது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் மெதுவாக இறுகும் என்றார் அந்தத் தம்பி. மீன் விற்கும் அக்கா ஒருவர் தன் பெட்டியிலிருந்து ஐஸ் கட்டிகளை அள்ளிக் கொடுத்தார். அந்தத் தண்ணீரில் குழைத்தோம். மூக்குத் துவாரங்களை மட்டும் விட்டு, முகம் முழுவதும் பூசி, மேலே மாவுக்கட்டுத் துணி சுற்றினோம். நடிகர் பதினைந்து நிமிடம் அசையாமல் கிடந்தார். மீன் வாடையை அவர் ஒரு குறையாகச் சொல்லவே இல்லை, அவருக்கும் நன்றி.

இந்த ஆல்ஜினேட் எதிலிருந்து கிடைக்கிறது என்று பக்கத்தில் பாசி பிரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் சொன்னேன். கட்டக்கோரை, பக்கோடாப் பாசி போன்ற பழுப்புப் பாசிகள்தான் அதன் மூலப்பொருள். நீங்கள் கையை நிறுத்திவிட்டு அந்த வெளிறிய அச்சைத் தொட்டுப் பார்த்தீர்கள். விரலில் துணி சுற்றி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, பாறைக்குள் கைவிட்டு எடுக்கும் பாசி எங்கே போகிறது என்று உங்களிடம் யாரும் சொன்னதில்லை என்றீர்கள். கீழக்கரையிலிருந்து வந்த அம்மா ஒருவர் நோன்புக் காலத்தில் காய்ச்சும் கடல்பாசியை (அகர் அகர்), தண்ணீர் குறைத்துக் கெட்டியாகக் காய்ச்சித் தட்டில் மெல்லிய தோலாகப் படியவைத்துக் கொடுத்தார். வெட்டுக்காயங்கள் எல்லாம் அதில் செய்தவை. வழக்கமாகப் பயன்படுத்தும் ஜெலட்டின் நம் ஊர் வெயிலில் உருகி வழிந்துவிடும். கடல்பாசி உருகாது. ரத்தம் கருப்பட்டிப் பாகில் சிவப்புச் சாயம் கலந்தது. காய்ந்த ரத்தத்தின் கருஞ்சிவப்பு அதில் இயல்பாக வந்தது. எறும்புதான் தொல்லை.

வயதாகிவிட்டதால் மகன்களை ஆட்டுக் கிடையோடு தஞ்சாவூர்ப் பக்கம் அனுப்பிவிட்டு ஊரில் தங்கிய, ஆடு மேய்க்கும் கீதாரி ஐயா, ஒவ்வோர் இரவும் எங்களுக்கு முன்னால் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டு நடந்தார். சுருட்டை விரியன் அதிகம் உள்ள இடம். 19 இரவிலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முள் ஏறிய ஏழு பேருக்கும் மருந்திட்டு ஊசி போட்ட ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கும், வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் ஒன்பதாம் இரவு நின்றுபோனபோது கல்யாணப் பந்தலுக்கு வைத்திருந்ததைக் கழற்றிக் கொண்டுவந்த அண்ணனுக்கும், விடியற்காலை மூன்று மணிக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த அப்பத்தாவுக்கும் நன்றி.

விசைப்படகு அண்ணன்மார்களே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உங்களுக்கு வருமானம் இல்லாத காலம். அந்த நாட்களில் கயிறு பிடித்தீர்கள், விளக்கு தூக்கினீர்கள், ஓடினீர்கள். கொலைகாரனின் கண்ணாகக் கேமரா காட்டுக்குள் பாய்ந்து வரும் காட்சிகளை, வலை இழுத்துப் பழகிய இருவர்தான் எடுத்தார்கள். கேமராவை ஒரு பலகையின் நடுவில் கட்டி, இரு முனையையும் இருவர் பிடித்துக்கொண்டு ஓடும் முறை அது. அமெரிக்காவில் டென்னசி காட்டில் எடுக்கப்பட்டு 1981இல் வந்த ‘தி ஈவில் டெட்’ படக்குழு செய்தது. அவர்களிடமும் பணம் இல்லை. அலையில் ஆடும் படகில் நிற்பவர்களின் கால்கள் மேடு பள்ளத்தைத் தாமாகவே வாங்கிக்கொள்கின்றன. படத்தொகுப்பாளர் இது எந்தக் கருவியில் எடுத்தது என்று கேட்டார்.

அந்தப் பலகை, வள்ளம் கட்டும் ஓடாவி ஐயா கொடுத்தது. வள்ளத்துக்கென்று அறுத்து வைத்திருந்ததை எங்களுக்காக ஒதுக்கினார். கேமராவுக்காக அதில் நான்கு துளை போட்டுவிட்டோம். அவற்றை அடைத்துவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

படம் தயாராகிவிட்டது. படகுகள் கரையில் இருக்கும் ஓர் இரவாகப் பார்த்து, மீன் ஏலக்கூடத்துத் திடலில் திரை கட்டி முதலில் உங்களுக்குத்தான் காட்டப் போகிறோம். சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற படம் அல்ல, அவர்களைத் தயவுசெய்து தூங்கவைத்துவிட்டு வாருங்கள். கரிமூட்டத்து அக்காவுக்கு முன்வரிசையில் இடம் வைக்கிறேன். பலகையையும் அன்றே கொண்டுவந்து சேர்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் காட்டில் படம் எடுத்த இயக்குநர்