ஏஸ் எண்ணினால் மட்டும் ஸ்லாம் வராது

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த பிரிட்ஜ் சீட்டாட்டக் கட்டுரை, தன் கையிலும் ஜோடி கையிலும் சேர்த்து 33 புள்ளி (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1; மொத்தம் 40) இருந்தால், ஏலத்தில் நாலு நோ டிரம்ப் சொல்லி ஜோடியிடம் எத்தனை ஏஸ் என்று கேட்டுவிட்டு ஆறுக்கு, அதாவது 13 பிடியில் (சுற்றில்) 12 எடுக்க வேண்டிய ஸ்லாமுக்கு, போய்விடலாம் என்கிறது. புதியவர்களுக்கு ஆட்டம் சொல்லித்தருகிறவன் நான். அவர்கள் இதை அப்படியே பிடித்துக்கொள்வார்களே என்றுதான் கவலை.

33 போக எதிரணியிடம் 7 புள்ளி. அதில் இரண்டு ஏஸ் இருக்க வழியில்லை, சரி. ஆனால் ஒரே வகையின் ஏஸும் ராஜாவும் சேர்ந்தால் அதுவும் 7தானே? முதல் இரண்டு பிடியும் அங்கேயே போய்விடும்.

ஒரு கையைப் பாருங்கள். இஸ்பேட் ஐந்து, ஏஸ், ராஜா, ஜாக்கோடு. ஆர்ட்டின் நாலு, ராஜா, ராணி, ஜாக்கோடு. டைமண்டில் இரண்டு பொடி. கிளாவரில் ஏஸ், ராணி. நான் ஏலத்தை ஒரு இஸ்பேட் என்று தொடங்க, ஜோடி மூன்று இஸ்பேடுக்கு ஏற்றுகிறார். இப்போது ஏஸ் கேட்டால் ‘ஒன்று’ என்று பதில் வரும். எந்த ஏஸ்? ஐந்தாம் மட்டத்துக்கு ஏறிய பிறகும் அது தெரியாது!

அதற்குப் பதிலாக நாலு கிளாவர் சொல்லி அந்த ஏஸைக் காட்டுவேன். ஜோடி நாலு டைமண்ட் என்றால் அங்கே முதல் இரண்டு பிடியும் போகாமல் தடுக்கும் காவல் இருக்கிறது, மேலே போகலாம். அதைத் தாண்டி நாலு ஆர்ட்டின் என்றால் டைமண்டில் ஓட்டை. நாலு இஸ்பேடிலேயே நிறுத்திவிடுவேன். பத்துப் பிடிக்கான கேமாவது மிஞ்சும்.

கியூ பிட் எனும் இந்த முறைக்கும் அடுத்த வாரம் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
பிரிட்ஜ் பிரியர் ஒருவர்