காலபோகத்துக்கு முதல் விதைக் கைமாற்று

வணக்கம் உறவுகளே,

வாற ஞாயிறு காலை 9 மணிக்கு வாசிகசாலை முன்றலில் கூடுறம். காலபோகம் எண்ட மாரி விதைப்புக்கு மழை விழ முதல் விதை மாத்தி முடிக்கவேணும்.

மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் நெல்லுகள், குரக்கன், பயறு, கவுப்பி, பயிற்றை, எது இருந்தாலும் ஒரு சுண்டாவது (சின்னப் பேணி அளவு) கொண்டு வாங்கோ. இல்லாத ஆக்கள் வெறுங்கையோடையும் வரலாம். அறுவடைக்குப் பிறகு இரண்டு சுண்டாய்த் திருப்பித் தந்தால் போதும்.

பக்கற்றில வாங்கின கலப்பின விதையில விளைஞ்சது மட்டும் வேண்டாம். அதின்ரை விதை தாயைப் போல வராது. போன வருசம் நான் ஆசைப்பட்டு அப்பிடி வைச்ச 40 மிளகாய்க் கண்டும் ஒவ்வொண்டு ஒவ்வொரு விதமாய் நிண்டுது. வீட்டில இண்டைக்கும் சிரிப்புத்தான்.

முளைப்புப் பார்த்துக்கொண்டு வாங்கோ. ஈரச் சாக்குத் துண்டில 10 விதையைச் சுத்தி நிழலில வையுங்கோ. பயறு, கவுப்பி எண்டால் மூண்டு நாளில தெரியும். 8 முளைச்சால் திறம், 5க்குக் கீழ எண்டால் கறிக்குப் போடுங்கோ. கத்தரி விதை எடுக்கிற ஆக்கள் காய் மஞ்சளாய்ப் பழுக்கும்வரை செடியிலேயே விடுங்கோ. கழுவி, நிழலில காயவைச்சு, சாம்பல் பிசறி வைச்சால் பூச்சி அண்டாது.

2021 இல இலங்கையில ரசாயன உரம் திடீரெண்டு நிண்டதும், அடுத்த வருசம் காஸுக்கும் டீசலுக்கும் வரிசையில நிண்டதும் மறந்திருக்க மாட்டியள். அப்ப எங்கட பக்கத்தில பல அடுப்புகளில வெந்தது முற்றத்து மரவள்ளிதான். அதால மரவள்ளித் தடியும் கட்டாய் வெட்டிக்கொண்டு வாங்கோ.

விதைப் பையில பெயர், அறுத்த மாதம், எந்த மண் எண்டு எழுதி ஒட்டுங்கோ. வாறவை இண்டைக்கு இரவுக்குள்ள இங்க சொல்லுங்கோ, தேத்தண்ணிக்குக் கணக்குப் பார்க்கவேணும்.