வொறன்ரிக்குள் சொன்ன பம்ப் கோளாறு: நான்காவது கடிதம்

திருகோணமலை
12.06.2023

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

முதல் மூன்று கடிதங்களும் யாருடைய மேசையில் கிடக்கின்றனவோ தெரியாது. என் ஹைபிரிட் காரின் விபரம் உங்கள் ஜொப் கார்ட்டில் இருக்கிறது, திரும்ப எழுதவில்லை.

"அண்ணன், வொறன்ரி முடிஞ்சா முடிஞ்சதுதான். கார் வாங்கினவருக்கு ஒரு பம்ப் வாங்க ஏலாதோ?" 20.05.2023 சனிக்கிழமை உங்கள் கண்டிக் கிளையில் கிடைத்த மரியாதை இது. வரச்சொன்னதே நீங்கள்தான். 45,000 ரூபாய் கொடுத்துக் கரியரில் ஏற்றி, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை தாண்டிக் கொண்டுபோய் இறக்கினால், ஸ்கேன் பண்ணுகிறவர் லீவாம், பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு மாற்றிக் கொடுக்கிற இன்வேட்டரைக் குளிராக வைக்கும் கூலன்ட் பம்பும் ஸ்டொக்கில் இல்லையாம். கோல் எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் கை வரவில்லை.

வொறன்ரி 3 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர். 10.03.2023இல் முடிந்தது, மறுக்கவில்லை. பம்ப் நின்றது 21.04.2023இல், வெறும் 38,400 கிலோமீற்றரில் (மிச்ச நாளெல்லாம் கொரோனாவும் பெற்றோல் வரிசையும்). ஆனால் 18.01.2023 சேர்விஸிலேயே "முன்பக்கம் விசில் சத்தம்" என்று எழுதித் தந்தேன். பக்கத்தில் உங்கள் ஆள் "செக்ட், ஓகே" என்று கையெழுத்து வைத்திருக்கிறார். எதைச் செக் பண்ணினார்? காரை ரெடியில் (ஓடத் தயாரான நிலையில்) போட்டு, இன்வேட்டர் கூலன்ட் போத்தல் மூடியைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். பம்ப் ஓடினால் உள்ளே கூலன்ட் சுழலும், நின்றால் குட்டைத் தண்ணீர்போல் கிடக்கும். இங்குள்ள கராஜில் பார்த்தபோது அப்படித்தான் கிடந்தது. ஸ்கேனரில் பி0ஏ93, அதாவது இன்வேட்டர் குளிரூட்டல் கோளாறுக்கான கோட். அப்படியே ஓடியிருந்தால் இன்வேட்டரும் கருகியிருக்கும். இது உங்களுக்குத் தெரியாததா?

தயவுசெய்து பம்ப் செலவையும் கூலியையும் நீங்களே ஏற்று, கரியர் காசையும் தாருங்கள். பூட்டிய பின் காற்றை ஒழுங்காக வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் புதுப் பம்பும் காய்ந்து போகும். ஏழு வாரமாக வீடே முடங்கிக் கிடக்கிறது, என் கணக்கில் நட்டம் மூன்று லட்சத்துக்குக் குறையாது.

14 நாளில் எழுத்தில் பதில் வேண்டும், மறுப்பதானாலும் எழுத்தில்தான். வராவிட்டால் ஜொப் கார்ட் பிரதியோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன். அவர்களின் முறைப்பாட்டு இலக்கமான 1977க்கும் கோல் அடிப்பேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தை உங்கள் சட்டப் பிரிவு வாசித்திருக்கும். நான் கேட்பது வொறன்ரி நீடிப்பல்ல, வொறன்ரிக்குள் நீங்கள் பார்க்காமல் விட்ட வேலையை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: கழற்றும் பழைய பம்பை எறிய வேண்டாம். அது என்னிடம் வர வேண்டும்.